மொரிஷியஸில் தோற்றவரும் எம்.பி. ஆவது எப்படி?

மொரிஷியஸ் பற்றி நம்மவர்களிடையே இரண்டு செய்திகள் ஜோடியாகவே சுற்றிவரும். ஒன்று, அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. மற்றொன்று, அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் தமிழர்களுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதலாவது உண்மை. இரண்டாவது உண்மையில்லை. அங்கே எந்தச் சமூகத்துக்கும் தனித்தொகுதி கிடையாது. அதைவிட, தேர்தல் சட்டம் பட்டியல் போடும் சமூகங்களில் 'தமிழர்' என்ற பெயரே இல்லை.

ஆனாலும் இந்தப் பேச்சு காற்றில் முளைத்ததல்ல. மொரிஷியஸில் ஓட்டு எண்ணி முடித்து, வென்றவர்களை அறிவித்த பிறகு, சமூகக் கணக்குப் பார்த்துக் கூடுதலாகச் சிலரை எம்.பி.யாக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அப்படி வருகிறவர்கள் எல்லோரும் தேர்தலில் தோற்றவர்கள். இதற்குப் பெயர் 'பெஸ்ட் லூசர்' முறை. உள்ளூரிலேயே இதைப் பற்றிக் குழப்பம் அதிகம். சிலர் இதை இட ஒதுக்கீடு என்பார்கள், சிலர் விகிதாசார முறை என்பார்கள், சிலர் தோற்ற தலைவர்களைப் பின்கதவு வழியாகக் கூட்டிவரும் தந்திரம் என்பார்கள். மூன்றும் சரியில்லை. ஏன் என்று புரிய, தொகுதியிலிருந்து தொடங்க வேண்டும்.

21 தொகுதி, 62 இடம்

மொரிஷியஸ் ஆப்பிரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்துமாக்கடல் தீவு நாடு. மக்கள்தொகை 13 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே, வாக்காளர்கள் சுமார் 10 லட்சம். பிரதான தீவை 20 தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். கிழக்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ரொட்ரிக்ஸ் தீவு 21வது தொகுதி.

தொகுதிகளுக்கு நீளநீளமான பிரெஞ்சுப் பெயர்கள் உண்டு என்றாலும் மக்கள் எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்கள். 'பாம்ப்லமூஸ்–த்ரியோலே' என்று யாரும் வாய் வலிக்கச் சொல்வதில்லை, 'நம்பர் ஐந்து' என்றால் போதும்.

நமக்குப் பழக்கமான முறையில் ஒரு தொகுதிக்கு ஒரு எம்.பி. அங்கே அப்படியில்லை. பிரதான தீவின் ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று எம்.பி.க்கள், ரொட்ரிக்ஸுக்கு இரண்டு. ஆக, 20 × 3 = 60, அதோடு 2. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது 62 பேரை.

தொகுதி எல்லைகளைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்க ஓர் ஆணையம் இருக்கிறது. அது தரும் பரிந்துரையை நாடாளுமன்றம் ஏற்கலாம் அல்லது தள்ளலாம், நடுவில் புகுந்து திருத்த முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் தொகுதிகள் சமமாக இல்லை. தலைநகர் போர்ட் லூயிஸில் இருக்கும் நம்பர் மூன்று மிகச் சிறியது. நம்பர் ஐந்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வாக்காளர்கள். இரண்டு தொகுதியும் அனுப்புவது மூன்று மூன்று பேரைத்தான்.

ஒரு ஆளுக்கு மூன்று ஓட்டு

மூன்று எம்.பி.க்கள் என்பதால் பிரதான தீவின் வாக்காளருக்கும் மூன்று ஓட்டு. வாக்குச்சீட்டில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனி வரி, பெயரோடு கட்சிச் சின்னமும் இருக்கும். லேபர் கட்சிக்குச் சாவி, எம்.எம்.எம். கட்சிக்கு இதயம், எம்.எஸ்.எம். கட்சிக்குச் சூரியன். வாக்காளர் மூன்று பெயருக்கு நேராகப் பெருக்கல் குறி போட வேண்டும். 'எனக்குப் பிடித்தவர் ஒருவர்தான்' என்று ஒரே குறியோடு நிறுத்திக்கொள்ள முடியாது, சீட்டு செல்லாமல் போய்விடும். ஒரே ஆளுக்கு மூன்று ஓட்டையும் போடவும் வழியில்லை. மூன்று பேரும் ஒரே கட்சியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கிடையாது.

அப்படிக் கட்சி கலந்து போடுவதை உள்ளூர் கிரியோல் மொழியில் 'கூப் த்ரான்ஸ்' என்பார்கள். கட்சிக்காரர்களுக்கு அது பிடிக்காது. மூன்றையும் மொத்தமாக எங்களுக்கே போடுங்கள் என்றுதான் தெருத்தெருவாகக் கேட்பார்கள். பெரும்பாலானோர் அப்படித்தான் போடவும் செய்கிறார்கள்.

எண்ணும்போது ஆளுக்கு ஆள் தனியாக எண்ணி, அதிக ஓட்டு வாங்கிய முதல் மூவரை எம்.பி.யாக அறிவிப்பார்கள். இந்த முறைக்குப் பொதுப்பெயர் தொகுப்பு வாக்கு: எத்தனை இடமோ அத்தனை ஓட்டு, மேலே வந்தவர்களுக்கு இடம். கேட்க எளிமையாக இருக்கிறது. விளைவுதான் கடுமை.

ஒரு பெரிய குடியிருப்பு காலனியை நினைத்துக்கொள்ளுங்கள். 20 தெரு, தெருவுக்கு 100 வீடு. குடியிருப்போர் சங்கத்துக்குத் தெருவுக்கு மூன்று பேர் தேர்வாக வேண்டும், வீட்டுக்கு மூன்று ஓட்டு. காலனியில் இரண்டு அணி. ஒரு தெருவில் 55 வீடு முதல் அணிக்கும் 45 வீடு இரண்டாம் அணிக்கும் மொத்தமாகப் போடுகின்றன. என்ன ஆகும்? முதல் அணியின் மூவரும் ஆளுக்கு 55 வாங்குவார்கள், இரண்டாம் அணியின் மூவரும் ஆளுக்கு 45. வெல்வது 55 வாங்கிய மூவரும்தான். இரண்டு–ஒன்று என்று பிரியாது, மூன்று–பூஜ்யம். எல்லாத் தெருவிலும் இதே நிலைமை என்றால் சங்கத்தில் 60 பேரும் ஒரே அணி. 45 சதவீத வீடுகளுக்குப் பேச ஆள் கிடையாது.

இதுவரை பார்த்தது: தொகுதிக்கு மூவர், ஓட்டு மூன்று, எண்ணிக்கையில் முன்னால் நிற்பவருக்கு இடம். இதில் சமூகம், மதம், மொழி எதுவும் வரவில்லை. ஓட்டுப்பெட்டி வரைக்கும் இது சாதாரணத் தேர்தல்தான்.

60–0 என்ற ஸ்கோர்

காலனிக் கதை கற்பனை. மொரிஷியஸில் அது மூன்று முறை அப்படியே நடந்தது. 1982, 1995, 2024 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் பிரதான தீவின் 60 இடங்களையும் ஒரே கூட்டணி அள்ளியது.

1982இல் விடுதலை வாங்கித்தந்த தலைவர், 14 ஆண்டு பிரதமர், சர் சிவசாகர் ராம்கூலம், தன் சொந்தக் கோட்டையான நம்பர் ஐந்திலேயே தோற்றார். 2024 நவம்பரில் பதவியில் இருந்த பிரதமர் பிரவிந்த் ஜக்நாத் நம்பர் எட்டில் தோற்றார். அவரை வீழ்த்தி ஆட்சிக்கு வந்தவர் சிவசாகரின் மகன் நவீன் ராம்கூலம். அவர் நின்று ஜெயித்ததும் அதே நம்பர் ஐந்தில்தான். அவரும் 2014இல் அங்கே தோற்றவர்தான்.

60–0 என்றதும் நாடே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று தோன்றும். 2024இல் வென்ற கூட்டணிக்குக் கிடைத்தது வாக்குகளில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல். தோற்ற கூட்டணிக்குக் கால்பங்குக்குச் சற்று மேல். கால்பங்கு ஓட்டுக்குப் பூஜ்யம் இடம்.

60–0 கூட அபூர்வம் என்று விட்டுவிடலாம். சாதாரணத் தேர்தலைப் பாருங்கள். 2000இல் எம்.எஸ்.எம்.–எம்.எம்.எம். கூட்டணிக்குச் சுமார் 52 சதவீத ஓட்டு, 54 இடம். எதிரணிக்குச் சுமார் 37 சதவீத ஓட்டு, 6 இடம். எனக்கு 60–0ஐ விட இந்தக் கணக்குதான் அதிகம் உறுத்துகிறது. ஓட்டில் பாதியைக் கொஞ்சம் தாண்டினவர்களுக்குக் கிட்டத்தட்ட எல்லாமே போய்ச் சேர்ந்திருக்கிறது, அதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசுவதில்லை.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். 'அந்தக் குறையைச் சரிசெய்யத்தானே பெஸ்ட் லூசர் முறை?' என்று கேட்பார்கள். இல்லை. ஓட்டுக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்வது விகிதாசார முறையின் வேலை: ஒரு கட்சிக்கு எத்தனை சதவீத ஓட்டோ ஏறத்தாழ அத்தனை சதவீத இடம். பெஸ்ட் லூசர் முறை கட்சி ஓட்டுச் சதவீதத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது வேறு ஒன்றை.

விடுதலைக்கு முந்தைய பயம்

மொரிஷியஸில் பூர்வகுடிகள் கிடையாது, எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். பிரெஞ்சுக் குடியேறிகள், ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும் வியாபாரிகளாகவும் வந்தவர்கள், சீனாவிலிருந்து வந்து கடை வைத்தவர்கள். 1960களில் பிரிட்டன் கிளம்பப்போகிறது என்று தெரிந்ததும் ஒரு கேள்வி பெரிதாக எழுந்தது. மக்கள்தொகையில் பாதி இந்துக்கள். ஓட்டெடுப்பில் எப்போதும் அவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்றால் மற்றவர்கள் கதி என்ன?

முஸ்லிம் தலைவர்களில் சிலர் தனி வாக்காளர் பட்டியல் கேட்டார்கள். முஸ்லிம்கள் முஸ்லிம் வேட்பாளருக்கு மட்டும் ஓட்டுப் போடும் முறை. அப்படிச் செய்தால் நாடு நிரந்தரமாகப் பிளந்துவிடும் என்று லேபர் கட்சி எதிர்த்தது. 1965இல் லண்டனில் அரசியல் சாசன மாநாடு நடந்தது. அடுத்த ஆண்டு ஹரோல்ட் பான்வெல் தலைமையில் ஒரு குழு வந்து, 20 மூவர் தொகுதிகள் என்ற திட்டத்தைத் தந்தது. ஏற்றத்தாழ்வைத் திருத்த அது சொன்ன வழி தகராறில் முடிந்தது. பிறகு பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் ஸ்டோன்ஹவுஸ் வந்து பேசி, எல்லாரும் அரைமனதாகத் தலையாட்டிய ஒரு சமரசத்தைக் கட்டினார். பொதுவான வாக்காளர் பட்டியல், பொதுவான தொகுதி. எண்ணி முடித்த பிறகு சிறுபான்மையினர் குறைந்துபோயிருந்தால் எட்டு கூடுதல் இடங்கள் வரை கொண்டு ஈடுகட்டுவது. 1967 ஆகஸ்டில் இந்த முறைப்படி முதல் தேர்தல் நடந்தது. 1968 மார்ச் 12 அன்று நாடு விடுதலை பெற்றது.

தனித்தொகுதிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். தனித்தொகுதியில் யார் நிற்கலாம் என்பதையே சட்டம் முன்கூட்டிச் சொல்லிவிடும். மொரிஷியஸில் யாரும் எங்கும் நிற்கலாம், யாருக்கும் ஓட்டுப் போடலாம். திருத்தம் வருவது கடைசியில்.

வகுத்தல் கணக்கு

சட்டம் மக்களை நான்கு சமூகமாகப் பிரிக்கிறது: இந்து, முஸ்லிம், சீன மொரிஷியர், இந்த மூன்றிலும் சேராத எல்லோரும் அடங்கிய 'பொது மக்கள்தொகை'. நான்காவது பிரிவில் ஆப்பிரிக்க வழி கிரியோல்களும் பிரெஞ்சு வழி வெள்ளையர்களும் ஒன்றாக இருக்கிறார்கள். கரும்புத் தோட்ட முதலாளியின் வாரிசும் அதே தோட்டத்தில் அடிமையாக இருந்தவரின் வாரிசும் ஒரே சமூகம்! யார் எந்தச் சமூகம் என்பதை எதை வைத்து முடிவுசெய்வது? 'வாழ்க்கை முறை'யை வைத்து என்கிறது சாசனம். வாழ்க்கை முறை என்றால் என்ன என்று அது விளக்கவில்லை. வேட்பாளர் மனுவில் தானே எழுதித் தர வேண்டும். யாராவது ஆட்சேபித்தால் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தீர்மானிப்பார்.

எட்டு இடங்களும் இரண்டு நான்காகப் பிரியும். முதல் நான்கை நிரப்பும் விதம் இது. ஒவ்வொரு சமூகத்தின் மக்கள்தொகையையும் எடுத்து, அந்தச் சமூகம் ஏற்கெனவே பெற்ற இடங்களோடு ஒன்றைக் கூட்டி, அந்த எண்ணால் வகுக்க வேண்டும். வரும் விடை எந்தச் சமூகத்துக்கு மிகப் பெரியதோ, அதுதான் அதிகம் குறைபட்டிருக்கும் சமூகம். அடுத்த இடம் அதற்கு.

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்தவை. இந்து 4,30,000 பேர், 36 இடம். பொது மக்கள்தொகை 2,50,000 பேர், 18 இடம். முஸ்லிம் 1,40,000 பேர், 7 இடம். சீனர் 25,000 பேர், 1 இடம். கூட்டினால் 62 இடம் சரியாக வருகிறது.

இப்போது வகுப்போம். இந்து: 4,30,000 ÷ 37 = சுமார் 11,600. பொது: 2,50,000 ÷ 19 = சுமார் 13,150. முஸ்லிம்: 1,40,000 ÷ 8 = 17,500. சீனர்: 25,000 ÷ 2 = 12,500. பெரிய விடை முஸ்லிம்களுடையது, முதல் இடம் அவர்களுக்கு. அவர்கள் கணக்கில் எட்டு இடம் ஆகிவிட்டதால் மறுபடி வகுக்கும்போது ஒன்பதால் வகுக்க வேண்டும்: சுமார் 15,550. இப்போதும் அதுவே பெரியது, இரண்டாவது இடமும் அவர்களுக்கே. மூன்றாவது முறை பத்தால் வகுத்தால் 14,000. இன்னும் அதுதான் முன்னே. நான்காவது முறை பதினொன்றால் வகுத்தால் சுமார் 12,700 ஆக இறங்கிவிடும். பொது மக்கள்தொகையின் 13,150 முந்திக்கொள்ளும். நான்காவது இடம் அங்கே போகும்.

சீனர் ஒருவரும் ஜெயிக்காமல் போயிருந்தால்? 25,000 ÷ 1 = 25,000. முதல் சுற்றிலேயே இடம் அவர்களுக்கு. எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகத்துக்கு இந்தக் கணக்கு தரும் பாதுகாப்பு அதுதான்.

சமூகம் முடிவானதும் அந்தச் சமூகத்தில் யாருக்கு இடம் என்ற கேள்வி. தோற்ற வேட்பாளர்களில் தன் தொகுதியில் அதிக சதவீத ஓட்டு வாங்கியவர் யாரோ அவருக்கு. கட்சிச் சார்பில் நின்றவராக இருக்க வேண்டும், சுயேச்சைக்கு வாய்ப்பில்லை. எந்தக் கட்சி என்று இந்தச் சுற்றில் பார்ப்பதில்லை. கட்சித் தலைமை கைகாட்டி ஆளைக் கொண்டுவர முடியாது. அதனால்தான் பின்கதவுத் தந்திரம் என்ற குற்றச்சாட்டு நிற்காது என்றேன். உள்ளே வந்த பிறகு இவர் முழு எம்.பி. அதே ஓட்டுரிமை, அதே சம்பளம், அமைச்சராகவும் ஆகலாம்.

அடுத்த நான்கு எதற்கு?

முதல் நான்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. தோற்றவர்கள் பெரும்பாலும் தோற்ற கட்சியில்தான் இருப்பார்கள். நான்கு இடமும் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டால் மக்கள் தந்த தீர்ப்பு கொஞ்சம் மாறிவிடும். நூலிழையில் ஜெயித்த அரசு கவிழ்ந்தேகூடப் போகலாம். அதைத் தடுக்கத்தான் இரண்டாவது நான்கு. முதல் நான்கில் எத்தனை இடம் அதிக இடம் வென்ற கட்சிக்கு வெளியே போயிற்றோ, கூடியவரை அத்தனை இடத்தை அந்த வென்ற கட்சியின் தோற்ற வேட்பாளர்களுக்குக் கொடுப்பார்கள். இங்கேயும் சமூகக் கணக்கு உண்டு, ஆனால் கட்சிச் சமநிலை கெடக்கூடாது என்பதே நோக்கம். மிச்சம் இருந்தால் மற்றக் கட்சிகளுக்கு.

1967ஐப் பாருங்கள். விடுதலைக்கு ஆதரவான கூட்டணி 39, எதிர்த்த பி.எம்.எஸ்.டி. கட்சி 23. பெஸ்ட் லூசர் எட்டும் நான்கு நான்காகப் பிரிந்து 43–27 ஆயிற்று. வித்தியாசம் 16 இருந்தது, 16ஆகவே நின்றது. 1976 இன்னும் நல்ல உதாரணம். எம்.எம்.எம். 30 இடம் வென்று தனிப்பெரும் கட்சி. லேபர் தலைமையிலான அணி 25, பி.எம்.எஸ்.டி. 7, சேர்த்தால் 32. கூடுதல் இடங்கள் வந்த பிறகு எம்.எம்.எம். 34, எதிரே 28 + 8 = 36. இரண்டு இட வித்தியாசம் அப்படியே இருந்தது, அந்த இருவரும் சேர்ந்து ஆட்சி அமைத்தார்கள்.

60–0 வரும்போது மட்டும் இந்த இயந்திரம் பாதியில் நின்றுவிடும். வென்ற கூட்டணியில் தோற்ற வேட்பாளரே இருக்க மாட்டார், யாருக்குக் கொடுப்பது? அதனால்தான் மொரிஷியஸ் நாடாளுமன்றத்தில் எப்போதும் 70 பேர் என்று நினைக்கக்கூடாது. அந்த மூன்று தேர்தல்களுக்குப் பின்னும் 66 பேர்தான். 2024இல் பிரதான தீவில் ஒரு இடம்கூட வெல்லாத கூட்டணியிலிருந்து பெஸ்ட் லூசராக உள்ளே வந்த ஜோ லெஜோங்கார் எதிர்க்கட்சித் தலைவரானார். சமூகக் கணக்குக்காக வைத்த இடம், தற்செயலாக எதிர்க்கட்சி என்ற ஒன்றையும் சபைக்குத் தந்தது.

சுருக்கமாக: முதல் நான்கு சமூகத்தைப் பார்க்கும், கட்சியைப் பார்க்காது. அடுத்த நான்கு இரண்டையும் பார்த்து, கட்சி வித்தியாசத்தைப் பழையபடி நிறுத்தப் பார்க்கும். ஓட்டுச் சதவீதம் எந்தச் சுற்றிலும் கட்சிக்கு இடம் வாங்கித் தராது.

சரி, தமிழர் எங்கே?

மொரிஷியஸ் தமிழர்களின் வரலாறு ஒப்பந்தக் கூலிக் காலத்துக்கும் முந்தையது. பிரெஞ்சு ஆட்சியில் 1730களிலேயே பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனார், தச்சர் போன்ற கைவினைஞர்களை அழைத்துப்போனார்கள். போர்ட் லூயிஸ் கட்டடங்களில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. 1998இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழும் இந்தியும் இடம் மாறி அச்சானபோது தமிழர்கள் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். தன் பெயர் எந்த வரிசையில் வருகிறது என்பதில் அத்தனை உஷாராக இருக்கும் சமூகம்.

தேர்தல் கணக்கில் மட்டும் வரிசை என்ன, பெயரே கிடையாது. தமிழர், தெலுங்கர், மராத்தியர் எல்லோரும் 'இந்து' என்ற ஒரே பிரிவில் அடக்கம். இத்தனைக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ன என்று கேட்டால் 'இந்து' வேறு, 'தமிழ்' வேறு என்று தனித்தனியாகப் பதில் சொல்கிறார்கள். 2011இல் சுமார் 72 ஆயிரம் பேர் 'தமிழ்' என்று பதிந்தார்கள். அந்த எண் பெஸ்ட் லூசர் வகுத்தலில் எங்கும் நுழையாது. மேலே நாம் பார்த்த கணக்கில் இந்துப் பிரிவு பெரும்பாலும் பின்னால்தான் நிற்கும், ஏனென்றால் அதற்கு ஏற்கெனவே இடம் நிறைய. ஆக, ஒரு தேர்தலில் தமிழர் ஒருவரும் ஜெயிக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் முதல் நான்கு இடங்களில் தமிழர் வர இந்த முறை உதவாது. மற்ற இந்துக்கள் வென்ற இடங்கள் அவர் கணக்கிலும் ஏறிவிடும்.

தமிழர் எம்.பி.க்களும் அமைச்சர்களும் தொடர்ந்து இருந்துவருகிறார்களே என்றால், அது வேறு வழியாக நடப்பது. தொகுதிக்கு மூன்று வேட்பாளர் என்பதால் கட்சிகள் அந்த மூவரைக் கவனமாகக் கலக்கின்றன. எந்தத் தொகுதியில் யார் எத்தனை பேர் என்று பார்த்து, இவர் ஒருவர், அவர் ஒருவர் என்று நிறுத்துகிறார்கள். என் பார்வையில் மொரிஷியஸில் சமூகப் பிரதிநிதித்துவத்தின் பெரும்பகுதி இந்த மூவர் பட்டியலில்தான் தீர்மானமாகிறது, பெஸ்ட் லூசர் கணக்கில் அல்ல. ஒரு தொகுதிக்கு ஒருவர் என்று மாற்றினால் இந்தக் கலவைக்கு இடமே இருக்காது.

1972இல் நின்றுபோன கடிகாரம்

வகுத்தலுக்கு மக்கள்தொகை வேண்டும் என்றோமே, அது எந்த ஆண்டின் மக்கள்தொகை? 1972. சமூகம் என்ன என்று கேட்ட கடைசிக் கணக்கெடுப்பு அது. 1982இல் 60–0 வென்று வந்த அரசு, மக்களை இப்படிக் கூறுபோட்டு எண்ணுவது தேச ஒற்றுமைக்கு நல்லதல்ல என்று அந்தக் கேள்வியை நீக்கியது. கேள்வியை நீக்கினார்கள், அதை நம்பி நின்ற பெஸ்ட் லூசர் முறையை நீக்கவில்லை. விளைவு, இன்றைய நாடாளுமன்றத்தை அரை நூற்றாண்டுக்கு முந்தைய எண்களால் வகுக்கிறார்கள். அப்போது எண்ணப்பட்டவர்களில் பலர் இறந்தே போய்விட்டார்கள்.

புதிதாக எண்ணலாமே என்று தோன்றும். எண்ணினால் யார் கூடியிருக்கிறார், யார் குறைந்திருக்கிறார் என்ற சண்டை வரும். எண்ணாமல் விட்டால் கணக்கு பொய்யாகிக்கொண்டே போகும். இரண்டுக்கும் நடுவில் அரசுகள் எடுத்த முடிவு, பேசாமல் இருப்பது.

எழுத மறுத்தவர்கள்

'ரெசிஸ்தான்ஸ் ஏக் ஆல்டர்நாதிவ்' என்ற சிறிய இடதுசாரி இயக்கம் இந்த மௌனத்தைக் கலைத்தது. நாங்கள் மொரிஷியர்கள், வேறு சமூகப் பெயர் எழுத மாட்டோம் என்று அதன் வேட்பாளர்கள் மனுவில் அந்தப் பகுதியை நிரப்ப மறுத்தார்கள். மனுக்கள் தள்ளுபடியாயின. உள்ளூர் நீதிமன்றங்களில் தொடங்கிய வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனது. 2012இல் அந்தக் குழு, எண்களைப் புதுப்பிக்காமல் 1972 கணக்கையே வைத்துக்கொண்டு வேட்பாளரைச் சமூகம் சொல்லக் கட்டாயப்படுத்துவது நியாயமில்லை என்று கூறியது. அரசு 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகச் சட்டம் போட்டது: விருப்பமிருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் விடலாம். எழுதாதவர் தோற்றால் பெஸ்ட் லூசர் இடம் கிடைக்காது, அவ்வளவுதான். அந்தச் சட்டம் அந்தத் தேர்தலோடு முடிந்தது. 2019இல் எழுதாதவர்களின் மனுக்கள் மறுபடி தள்ளுபடி.

முறையையே மாற்றும் யோசனைகளும் வராமல் இல்லை. தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையிலான ஆணையம் 2002இல், 62 இடங்களை அப்படியே வைத்து, ஓட்டு விகிதப்படி 30 இடங்களைக் கூட்டச் சொன்னது. நடக்கவில்லை. 2018 டிசம்பரில் பெஸ்ட் லூசரை எடுத்துவிட்டு விகிதாசார இடங்களைச் சேர்க்கும் மசோதா வந்தது. சாசனத்தின் இந்தப் பகுதியைத் திருத்த நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். அரசிடம் அது இல்லை, எதிர்க்கட்சிகளும் தரவில்லை.

ஆட்சியில் இருப்பவருக்கு இந்தத் தொகுப்பு வாக்கு முறைதான் 52 சதவீத ஓட்டுக்கு 54 இடம் வாங்கித் தருகிறது. விகிதாசாரம் வந்தால் அது போய்விடும். எதிர்க்கட்சியில் இருக்கும்போது சீர்திருத்தம் பேசுகிறவர்கள், ஜெயித்து வந்ததும் அடுத்த 60–0 தங்களுக்குத்தான் என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். பெஸ்ட் லூசரை மட்டும் தனியாக எடுத்துவிடலாம் என்றால் முஸ்லிம்களும் சீனர்களும் தங்களுக்கு இருக்கும் ஒரே எழுத்துபூர்வமான பாதுகாப்பு போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். அந்தப் பயத்தைப் பழங்காலத்துப் பயம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

2024இல் வென்ற கூட்டணிக்கு 66 பேர் கொண்ட சபையில் நேரடி இடங்களே 60. நான்கில் மூன்று பங்குக்கு 50 பேர் போதும்.